பாதை வரும்வரை

ஊர்காவற்றுறையில் கடற்கரை வரைக்கும் நடந்து வந்தேன். கைபேசியின் வரைபடத்தில் நான் ஒரு நீலப் புள்ளி. புள்ளிக்கு முன்னால் வீதி முடிந்து தண்ணீர் தொடங்கியது. எதிரே காரைநகர் தெரிந்தது. எப்படிப் போவது என்று திரையையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற ஐயா ஒருவர் சொன்னார்: "பாதை இப்பதான் அங்காலை போகுது. கொஞ்சத்திலை திரும்பி வந்திடும். நில்லுங்கோ பிள்ளை."

பாதை போகுமாம், திரும்பி வருமாம். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் இடையில் ஓடும் தட்டையான மிதவைக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். வீதி அபிவிருத்தி அதிகார சபை அதை நடத்துகிறது, காசு வாங்குவதில்லை. வீதியின் தொடர்ச்சி என்பதால்தான் பாதை போலும். அந்தச் சொல்லை ஐயாவின் வாயில் கேட்ட பிறகு, இரண்டு நாட்களுக்கு நான் போட்டு வைத்திருந்த வழியையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

வழி போட்ட கதையைச் சொல்ல வேண்டும். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குக் கைபேசியே வழிகாட்டியாக வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதற்கும் முன்னால், 1951இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தார் பழைய கட்டடங்களை இணைத்து ஒரு நடைவழி வகுத்தார்கள்; பிறகு அதற்கு நடைபாதையிலேயே ஒரு சிவப்புக் கோடும் போட்டார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நகரத்தின் சரித்திரம் வரிசையாக வரும். சென்னையில் பல வருடங்களாக வரலாற்று நடைகளை நடத்திவரும் ஸ்ரீராம் வெங்கடகிருஷ்ணன் அந்த நகரத்துக்கென்று ஒரு செயலியையும் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத் தீவகத்துக்கு அப்படி ஆயத்தமான வழி எதுவும் என் கையில் இருக்கவில்லை. அதனால் நானே ஒன்று போட்டேன்.

வேலை கடினமில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற உலக வரைபடத்தை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். விக்கிப்பீடியாவைப் போல, யாரும் அதில் வரையலாம், திருத்தலாம், பெயர் எழுதலாம். அந்தத் தரவில் ஓடும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை இறக்கி, வட மாகாணத்தின் வரைபடத்தை முதல் நாள் இரவே கைபேசியில் சேமித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் என்பது 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சைகையைக் கேட்டு இடத்தைக் கணக்கிடுவது. சிம் அட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனை ஃபிளைட் மோடில் போட்டாலும் நீலப் புள்ளி கூடவே நகரும். பற்றரியும் மிச்சம். தீவுகளில் நடக்கப் போகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எந்த இடங்களில் புள்ளி வைப்பது என்பதுதான் உண்மையான வேலை. அதற்கு நான் போனது நூலகம் இணையத்தளத்துக்கு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு, 2005இலிருந்து வளர்ந்துவரும் அந்த எண்ணிம நூலகம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று விளக்கத் தேவையில்லை. தீவுகளைப் பற்றிய மலர்களையும் கட்டுரைகளையும் இரவிரவாகப் புரட்டியபோது ஒரு கயிறு கையில் அகப்பட்டது. யானையும் குதிரையும்.

வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த இடம் ஆனையிறவு. அங்கிருந்து அவை நடந்து வந்து கப்பலேறிய துறை ஊர்காவற்றுறை. போர்த்துக்கீசர் அதற்கு வைத்த பெயர் கைஸ் தோஸ் எலெஃபாந்தெஸ், யானைகளின் துறை. அதிலிருந்துதான் இன்றைய ஆங்கில வரைபடங்களில் உள்ள கைட்ஸ் வந்தது. யானை விழுந்துபோய் துறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலும் இந்தியாவிலிருந்து வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானை வாங்கினார்கள். யானை ஏறிய துறை, யானைக்கும் குதிரைக்கும் சட்டம் சொன்ன நயினாதீவுக் கல், குதிரைகள் இன்னும் திரிகிற நெடுந்தீவு. மூன்று தீவு, ஒரே வழி. புள்ளிகளைக் குத்தி, கோட்டால் இணைத்து, அதற்கு ஆனை குதிரை வழி என்று பெயரிட்டுச் சேமித்தேன்.

ஊர்காவற்றுறையில் அந்த வழி கொஞ்சத் தூரம்தான். கடலுக்குள் நிற்கும் கோட்டைதான் கண்ணை இழுக்கிறது. போர்த்துக்கீசர் கட்டியது; 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதிப்பகுதி என்று அர்த்தம். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. ஊரவர்களுக்கு அது கடற்கோட்டை, அல்லது பூதத்தம்பி கோட்டை. இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. இந்தக் கரையில் உறுந்திக் கோட்டை என்று இன்னொன்று இருந்தது. பற்றைக்குள் சில சுவர்த்துண்டுகள் மட்டும் மிச்சம். நீலப் புள்ளி சரியாக அதன்மேல் நின்றது. முள்ளை விலக்கிக்கொண்டு சுவரில் கை வைத்தேன். முருகைக்கல். வெயிலில் நன்றாகச் சுட்டது.

யானைகள் எந்த இடத்தில் ஏறின என்று காட்ட எதுவும் இல்லை. ஒரு பலகை கூட இல்லை. எனக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. பாதையடியில் நின்ற ஐயாவிடம் கேட்டேன். "ஆனையோ? உதிலை கப்பல் கட்டின கதைதான் எங்கடை அப்பு சொல்லுவார்" என்றார். பாய்க்கப்பல்கள் இந்தத் துறையிலிருந்து இந்தியக் கரைக்குப் போய்வந்த காலத்தை அவர் தகப்பனிடம் கேட்டு வைத்திருந்தார். நான் யானையைத் தேடி வந்தேன். அவர் கப்பலைத் தந்தார். அதையும் ஒரு புள்ளியாகக் குத்தி, அவர் குரலில் இரண்டு நிமிடம் பதிந்துகொண்டேன்.

பக்கத்து ஊர் கரம்பொன். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திக் காட்டிய தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். அவருடைய தகப்பன்வழி நெடுந்தீவு. என் வழியில் அடிகளுக்கு இடமில்லை, ஆனாலும் பஸ் அந்த ஊரைக் கடக்கும்போது யன்னலால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். புங்குடுதீவு என் அம்மம்மாவின் ஊர். 1991இல் போரால் சனம் கிளம்பிப்போன பிறகு திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் வளர்ந்து நிற்கிறது. செயலியில் அவை சாம்பல் நிறச் சதுரங்கள்கூட இல்லை, வெறும் பச்சை. இன்னாருடைய வீடு, இன்ன படலை என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். அவர்களிடமும் இதே வரைபடம் திறக்கும் போன் இருக்கிறது. அம்மம்மா உயிரோடு இருந்தபோது இப்படி ஒரு வசதி வரும் என்று நினைக்கவில்லை. கேட்டு எழுதியிருந்தால் குறைந்தது ஒரு ஒழுங்கையாவது நிரம்பியிருக்கும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு லோஞ்சுக்கு வெள்ளையுடுத்த சிங்களக் குடும்பங்களும் அர்ச்சனைத் தட்டோடு தமிழ்க் குடும்பங்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கால் மணி நேரப் பயணம். அவர்கள் நாகவிகாரைக்கு, இவர்கள் நாகபூசணி அம்மனுக்கு. பெயரில் இரண்டு பக்கமும் நாகம் இருக்கிறது. கோயிலுக்கு வரும் வழியில் பூவோடு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்த கதையும், பாம்பு சுற்றிய கல், கருடன் இருந்த கல் என்று கடலோரத்தில் காட்டும் கற்களும் லோஞ்சில் வருகிறவர்களுக்கு மனப்பாடம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுவே என்று நம்புகிறவர்கள் அநேகர். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கே அமுதசுரபி என்றுதான் பெயர்.

நான் தேடி வந்த கல் கோயிலில் இருக்கிறது. கேட்டதும் காட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னன், தமிழில் வெட்டிய ஆணை. க. இந்திரபாலா 1963இல் அதன் வாசகத்தை ஆராய்ந்து வெளியிட்டார். விஷயம் இது: ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய மரக்கலமானால் பாதிக்குப் பாதி.

குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தேன். தேய்ந்த எழுத்து. எனக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. போனில் இறக்கி வைத்திருந்த பாடத்தை ஒரு கையிலும் விரலை மற்றக் கையிலும் வைத்து வரிக்கு வரி தேடினேன். ஓரிடத்தில் ஒரு ககரமும் அதற்குப் பக்கத்தில் ஒரு துணைக்காலும் பிடிபட்டன. அவ்வளவுதான், உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலில் எல்லாவற்றையும் இழந்து கரையேறிய ஒருவனுக்கு அவன் பொருளில் எவ்வளவு திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு அரசு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறது. யானையும் குதிரையும் அவ்வளவு தேவையாக இருந்திருக்கின்றன, அவற்றைக் கொண்டுவருகிறவனைச் சோரவிடக்கூடாது என்பதற்காகவே அவனுக்குக் கூடுதல் பங்கு. காலையில் நான் நின்றிருந்த ஊர்காவற்றுறைக் கரைதான் கல்லில் உள்ள ஊராத்துறை. பாளி நூல்களில் அதற்குச் சூகரதித்த, பன்றித் துறை, என்று பெயர். செயலியில் நான் போட்ட கோடு இரண்டு தீவையும் இணைத்துக்கொண்டு கடலுக்கு மேலால் நேராக ஓடியது. 800 வருடங்களுக்கு மேலாக இந்தக் கல் செய்துகொண்டிருப்பதும் அதே வேலைதான்.

இந்தக் கல்லின் செய்தியை யாராவது நல்ல குரலில், நல்ல தமிழில் மூன்று நிமிடம் பதிந்து வைக்க வேண்டும். சிங்களத்திலும் வேண்டும். அதே லோஞ்சில் வந்த வெள்ளையுடுத்த குடும்பம் ஐம்பது அடி தள்ளி நடந்து போனது. தங்கள் மன்னனின் சொல் தமிழில் இங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அடுத்த நாள் விடிய, நெடுந்தீவு லோஞ்ச். ஏறக்குறைய ஒரு மணி நேரம், அலை அதிகம், தலையைக் குனிந்து திரை பார்த்தால் வயிற்றைப் புரட்டும். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை ஒருவர் இந்தக் கடலைத் தினமும் கடக்கிறார். "குமுதினி ஓடின கடல்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. 1985 மே 15ஆம் நாள், இதே வழியில் வந்த குமுதினிப் படகில் இருந்த பயணிகள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு மாவலித்துறையில் அவர்களுக்கு நினைவாலயம் இருக்கிறது. நான் போட்டிருந்த வழியில் அந்தப் புள்ளி இல்லை. யானை, குதிரை என்று கயிறு பிடித்துக்கொண்டு போனதில் தவறிவிட்டது. இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போய் நின்றேன். பிறகு, நெடுந்தீவு நடையின் முதலாவது புள்ளியாக அதை வைத்தேன். மரபுரிமை என்றால் பழைய கோட்டை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் இறங்கித்தான் தீவுக்குள் போக வேண்டும்.

ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம், வேலணைத் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க். எல்லாம் உதிர்ந்து, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. நெடுந்தீவார் யாரும் தங்களை அந்தப் பெயரில் சொல்லி நான் கேட்கவில்லை.

சைக்கிளை வாடகைக்குத் தர ஒருவர் வந்தார். ஓட்டோவும் இருந்தது. நடப்பதென்று முடிவு. வைத்தியசாலைக்குப் பின்னால் கோட்டையின் இடிபாடு. பக்கத்தில் புறாக்கூடு: சின்னச் சின்ன மாடங்கள் வைத்துக் கட்டிய தூண், செய்தி கொண்டுபோகும் புறாக்களை ஒல்லாந்தர் வளர்த்த இடம். வெற்று மாடங்களை எண்ணிக்கொண்டு, கையில் செய்மதிச் சைகை வாங்கும் கருவியோடு அதன் முன்னால் நின்றேன். இன்னும் போனால் பெருக்க மரம். அராபிய வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அடிமரத்தின் பொந்துக்குள் புகுந்து நிற்கலாம், நின்றேன்.

குதிரைகள் தெற்கே வெளியில் நின்றன. ஊரில் மட்டக்குதிரை என்பார்கள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்த்தார், லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஆறேழு குதிரைகள். ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. கோடையில் குளம் வற்றினால் இவை தண்ணியில்லாமல் செத்துப்போகின்றன. பராக்கிரமபாகுவின் கல்லில் உடையவனுக்கு முக்காற்பங்கு உரிமை பெற்றுக்கொடுத்த மிருகம், இன்று ஒரு வாளி தண்ணிக்குத் தீவில் ஆள் பார்த்து நிற்கிறது. எனக்கு அதற்கு மேல் படம் எடுக்க மனம் வரவில்லை.

மேற்கே வெடியரசன் கோட்டை. வட்ட அடித்தளங்களும் கற்குவியலுமாகக் கிடக்கும் இந்த இடம் தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளது. பௌத்த தூபிகளின் எச்சம் என்பது ஆய்வாளர் சொல்வது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடி வந்த மீகாமனோடு போரிட்ட வெடியரசனின் கோட்டை என்பது கண்ணகி வழக்குரையிலும் தீவார் வாயிலும் வாழும் கதை. செயலி ஒரு புள்ளிக்கு ஒரு பெயர் கேட்கிறது. ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்றவன் வாயை அடைத்தது போல இருக்கும். மணிமேகலை எழுதிய மொழியில் பௌத்தம் அந்நியமான சொல்லும் இல்லை. வெடியரசன் கோட்டை என்று பெயர்க்கட்டத்தில் எழுதி, தூபிகளின் செய்தியைக் குறிப்புக்கட்டத்தில் நாலு வரியாக எழுதினேன். வெயிலில் நின்று தட்டச்சு செய்ய அரை மணி நேரம் பிடித்தது.

திரும்பும்போது பெருவீதியை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினேன். வரைபடத்தில் அது பெயரில்லாத புள்ளிக்கோடு. இரண்டு பக்கமும் இடுப்பளவு கல்வேலி. குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் கதியாலும் வேலி, நெடுந்தீவில் முருகைக்கல். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல். ஒரு ஐயா சரிந்துபோன துண்டைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்லைத் தூக்குவார், புரட்டுவார், வைப்பார், திருப்தியில்லை, எடுப்பார், இன்னொரு பக்கத்தைத் திருப்பி வைப்பார். கல் அசையாமல் இருந்ததும் ஒரு சின்னத் துண்டை எடுத்து இடுக்கில் செருகி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் தந்த கல்லை வாங்கிப் பார்த்தேன். உடைந்த முகம் முழுக்கப் பூப்போட்டது போலச் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கதிர் கதிராகக் கோடு. எப்போதோ கடலுக்கு அடியில் உயிரோடு இருந்தவை.

"ஓட்டை விட்டு அடுக்கோணும் பிள்ளை. காத்துப் போக வழி இல்லாட்டில் காத்தே தள்ளி விழுத்திப்போடும்."

இந்த ஒழுங்கைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"புளியடி ஒழுங்கை."

சுற்றிப் பார்த்தேன். பனையும் வடலியும் பூவரசும்தான். "புளி எங்கை ஐயா?"

"அது அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலோடை விழுந்திட்டுது. நான் அப்ப சின்னப் பொடியன்."

போனைக் காட்டினேன். இதுதான் நாங்கள் நிற்கிற இடம், இந்தக் கோட்டுக்குப் பெயர் இல்லை, நீங்கள் சொன்னதை எழுதினால் இனி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்றேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் திரையைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"லண்டனிலை இருக்கிற என்ரை மகனுக்கும் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

அவர் வேலியில் சாய்ந்துகொண்டு, கிழக்கிலிருந்து தொடங்கி, விரலால் காற்றில் காட்டிக் காட்டி ஒழுங்கைகளின் பெயர்களையும் கிணறுகளின் பெயர்களையும் சொல்லிக்கொண்டே போனார். எந்தக் கிணறு நல்ல தண்ணி, எது மாரியில் மட்டும் நல்ல தண்ணி, எது உவர். பின்னேர லோஞ்சுக்கு நேரம் நெருங்கியது. பதினொரு பெயர் ஏற்றியிருந்தேன். புளியடி ஒழுங்கையைச் சரி பார்ப்பதற்காக ஒருமுறை சத்தமாக வாசித்தேன்.

வளவுக்குள்ளிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "புளியடி அங்காலை, பிள்ளை. இது சின்னப்புளியடி. அவருக்குத் தெரியாது, அவர் கிழக்குப் பக்கத்து ஆள்."

ஐயா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பெயரையும் எழுதிச் சேமித்துவிட்டு மாவலித்துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.